வன்னியில் நாய் பராமரிப்பு நிலையம் நடத்துவோருக்கான சமூக ஊடகத் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி, காது துடைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியவர்களும் தொடங்க எண்ணுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒருவரோ இருவரோ மட்டும் நின்று வேலை செய்யும் சிறு நிலையத்தை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. விளம்பரத்துக்கென்று தனியாக ஆள் வைத்திருக்கும் கொழும்பு நிறுவனங்களுக்கு இவற்றில் பாதி பொருந்தாது.

ஏ9 வீதியில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். அதற்கு மேல் முகநூலும் வட்ஸ்அப்பும் எதற்கு?

பெயர்ப்பலகை இடத்தைச் சொல்லும்; வேலையைச் சொல்லாது. மருந்துக்கடை என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ‘நாய் குறூமிங்’ என்று எழுதியிருந்தால், அது வசதியானவர்கள் வீட்டு நாய்க்கு ரிபன் கட்டுகிற வேலை என்றே நம் ஊர்களில் பலர் எண்ணிக்கொண்டு கடந்து போவார்கள்.

வன்னி வீடுகளில் உள்ள நாய்களில் பெரும்பாலானவை காவலுக்கு நிற்பவை. பகலில் கட்டி வைக்கப்பட்டு இரவில் வளவுக்குள் அவிழ்த்து விடப்படுகின்றன. வயலுக்கும் குளக்கட்டுக்கும் வீட்டுக்காரரின் பின்னாலேயே ஓடுகின்றன. திரும்பி வரும்போது நாயுருவியும் ஒட்டுப்புல்லும் முடியில் சிக்கியிருக்க, காது மடலுக்குள் உண்ணி ஏறியிருக்கிறது. அந்த நாயின் வீட்டுக்காரருக்கு ரிபன் தேவையில்லை. உண்ணி நீங்க வேண்டும், வளைந்து உள்ளங்காலில் குத்தும் நகத்தை யாராவது வெட்ட வேண்டும், காதிலிருந்து வரும் நாற்றத்துக்குக் காரணம் தெரிய வேண்டும். இவற்றையெல்லாம் நீங்கள் செய்கிறீர்கள் என்பதைக் கண்ணால் காட்டக்கூடிய இடம் சமூக ஊடகம் மட்டுமே. ஆகவே உங்கள் பதிவுகள் அழகை விற்பதை விட்டு, நாயின் நலத்தையும் உங்கள் கையின் பொறுமையையும் காட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

என்ன பதிவிடுவது என்று தெரியவில்லை. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பயிற்சிக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள். தொலைபேசியில் அழைப்பவர்களும் வாசலில் வந்து நின்று கேட்பவர்களும் சொல்லும் கேள்விகளை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். “என்ரை நாய் பிறத்தி ஆளைக் கண்டால் கடிக்கும், கொண்டு வரலாமோ?” “குளிப்பாட்ட எவ்வளவு எடுப்பியள்?” “குட்டி போட்டு ஒரு மாதந்தான், குளிக்க வார்க்கலாமோ அண்ணை?” “சண்லைட் போட்டால் ஏன் கூடாது?” இப்படி ஒரு மாதம் எழுதினால், பல வாரங்களுக்குப் போதுமான தலைப்புகள் உங்கள் கையில் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்களை எடுத்துப் பயன்படுத்துபவர்கள், ‘தேசிய செல்லப்பிராணி தினம்’ என்று வேறு எந்த நாட்டிலோ கொண்டாடும் நாளுக்கு வாழ்த்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஊர்க்காரருக்கோ தன் நாய் கடிக்கும் என்ற தயக்கமே இன்னும் தீர்ந்திருக்காது.

ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்பதே அளவு. சவர்க்காரத்தைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, மனிதருடையதைவிட மெல்லியதும்கூட. அதனால் நமக்கென்று செய்த ஷாம்புவும் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் அதன் தோலை வறட்டி, சொறிய வைக்கின்றன. இதை உங்கள் தொட்டியின் முன்னால் நின்று, நாய்க்கான ஷாம்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். அடுத்த கிழமை கேட்கப்பட்ட வேறு கேள்வி, வேறு பதிவு.

கிழமைக்கு எத்தனை பதிவுகள் வேண்டும்?

இரண்டு போதும், மூன்று என்றால் நிறைவு. சடை கட்டிய ஒரு பொமேரியனைக் குளிப்பாட்டி, உலர்த்தி, சிக்கெடுத்து முடிக்க ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். அந்த வேலைக்கு இடையில் நாள்தோறும் பதிவிடுவேன் என்று உறுதி எடுப்பவர் மூன்றாம் கிழமையில் களைத்து நிறுத்திவிடுவார். பக்கம் ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால், கடை பூட்டிவிட்டார்கள் என்றே பார்ப்பவர் எண்ணுவார். வட்ஸ்அப் நிலைப் பதிவு இதற்கு விதிவிலக்கு. அது 24 மணித்தியாலத்தில் தானாக மறைந்துவிடும் என்பதால், அன்றன்று வந்த நாய்களின் படங்களை அதிகம் யோசிக்காமல் அங்கே போடலாம்.

ஆண்டுக்கான நாட்காட்டியை எப்படி வகுப்பது?

பண்டிகைகளை முதலில் குறிக்காதீர்கள்; காற்றையும் மழையையும் குறியுங்கள். வன்னியில் நாயின் உடம்பு அவற்றைத்தான் பின்பற்றுகிறது.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். ஈரம் உலராத முடிக்குள் பூஞ்சணமும் காதுக்குள் அழற்சியும் வரும் காலமும் அதுவே. தொங்கு காதுடைய லப்ரடோர், ஸ்பானியல் போன்றவை கூடுதலாகத் துன்பப்படும். மழைக் காலத்தில் குளிப்பாட்ட ஆட்கள் குறைவார்கள் என்று நிலையத்தினர் சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன். உண்மையில் உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கும் உங்களுக்கு அதுவே சிறந்த பருவமாக இருக்க முடியும். வீட்டில் துவாயால் துடைத்து விட்ட நாயின் மேல்முடி காய்ந்திருக்க, விரலால் பிரித்தால் அடிமுடி இன்னும் நனைந்திருப்பதை ஒரு காணொளியில் நெருக்கமாகக் காட்டுங்கள். அதைப் பார்ப்பவர் தன் நாயின் முடியையும் பிரித்துப் பார்ப்பார்.

தையில் பொங்கல். வெடி கொளுத்தும் நாட்களுக்கு முன்னதாகவே, பயந்து படலை தாண்டி ஓடும் நாய்களைப் பற்றி எழுதுங்கள்: அன்றிரவு உள்ளறையில் விடுவது, கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதுவது ஆகியவற்றை எளிமையாகச் சொல்லலாம். தீபாவளிக்கும் இது பொருந்தும். தைப்பொங்கலின் பின்னால் காலபோக நெல் அறுவடை வருகிறது. நாய்கள் வயலிலும் வைக்கோற் போரிலும் கிடந்து எழும்பும் அந்த நாட்களில் உண்ணியைப் பற்றிய பதிவுகளே முன்னுக்கு நிற்க வேண்டும். உண்ணி வெறும் அரிப்பு மட்டும் தருவதன்று. பபேசியா, எர்லிக்கியா போன்ற இரத்தத்தைத் தாக்கும் கிருமிகளை அது கடத்துகிறது. கவனிக்காமல் விட்டால் நாய் இறக்கவும் கூடும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்றும் வெயிலும். கிரவல் வீதிப் புழுதி முடியின் அடிவரை இறங்கும். தார் வீதியில் உங்கள் புறங்கையை ஐந்து வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது என்ற சிறு சோதனையை இந்தக் காலத்தில் ஒரு முறையாவது செய்து காட்டுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் வெப்பத்தில் மூச்சுத் திணறுவதைப் பற்றியும் எழுத வேண்டும். “வெயிலுக்கு மொட்டையாக வழித்து விடுங்கோ” என்று கேட்டு வருபவர்கள் கூடும் பருவமும் இதுதான்: பொமேரியன், ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற இரட்டை முடி நாய்களுக்கு அந்த முடியே வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது, தோலோடு வழித்தால் சிலவற்றுக்கு அது பழையபடி வளர்வதுமில்லை என்ற விளக்கத்தை ஒரு முறை நன்றாகப் பதிவுசெய்து வைத்தால், கேட்பவர் எல்லோருக்கும் அதையே அனுப்பலாம்.

செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய்த் தினம். லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள் அது. உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் உலக தினம் என்றால் அதுதான். அன்றைக்குத் தடுப்பூசி அட்டையைப் பற்றிப் பதிவிடுங்கள்.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கல், ஓகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழா போன்றவற்றுக்குத் திறக்கும் நேரம், பூட்டும் நாள் பற்றிய அறிவித்தல் போதும். கோயிலையோ தேவாலயத்தையோ விளம்பரப் படத்துக்குப் பின்னணியாக்க வேண்டாம்.

பதிவிடவே கூடாத நாட்கள் உண்டா?

உண்டு. மே 18ஐ ஒட்டிய நினைவேந்தல் வாரத்திலும் நவம்பர் இறுதி வாரத்திலும் விலைக்கழிவு, சிரிப்புக் காணொளி போன்ற எதையும் போடாதீர்கள். இந்த மண்ணில் பிள்ளையையோ துணையையோ இழக்காத வீடு அரிது. அவர்கள்தாம் உங்கள் வாடிக்கையாளர்கள். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள் அந்த நாட்களில் தானாக வெளியாகிவிடாதபடி நாட்காட்டியில் சிவப்பால் கோடிட்டு வையுங்கள். வெள்ளக் காலத்துக்கும் இதே கவனம் வேண்டும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைப் போன்ற ஒரு கிழமை வந்தால், திட்டமிட்ட அனைத்தையும் நிறுத்திவிட்டு, இடம்பெயரும்போது நாயைக் கட்டியபடி விட்டுச் செல்லாமல் அவிழ்த்து விடுங்கள் அல்லது கூட்டிச் செல்லுங்கள் என்ற ஒன்றை மட்டும் பதிவிடுங்கள்.

முகநூல், வட்ஸ்அப், டிக்டொக், இன்ஸ்டகிராம், யூடியூப்: எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

வேண்டாம். வன்னியில் வேலை வாங்கித் தருவது வட்ஸ்அப்; ஊருக்கு அறிமுகம் செய்வது முகநூல். இவ்விரண்டையும் ஒழுங்காக நடத்தத் தெரிந்த பிறகு, எடுத்த அதே நெடுக்குக் காணொளியை டிக்டொக்கிலும் போடலாம். இன்ஸ்டகிராம் நகரப் பிள்ளைகளுக்குரியது; வவுனியா நகரில் இருப்பவர்கள் அதை முயன்று பார்க்கட்டும்.

வட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் சேவைகளையும் விலைகளையும் படத்தோடு அடுக்கி வைக்கலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைத்து ஒரே தட்டலில் அனுப்பலாம். நீங்கள் ஈரக் கையோடு நிற்கும்போது ‘இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அழைக்கிறோம்’ என்ற செய்தியைத் தானாகப் போக விடலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் வசதியும் உண்டு. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும்; இது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே நாயைத் திருப்பிக் கொடுக்கும்போதே, “இந்த இலக்கத்தைப் பதிந்து வையுங்கோ, அடுத்த முறை குளிக்க வேண்டிய நாளை நாங்களே சொல்லுவம்” என்று கேட்டுச் சேமிக்கச் செய்யுங்கள்.

முகநூலில் உங்கள் சொந்தக் கணக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தாமல் தனிப் பக்கம் திறவுங்கள். சொந்தக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் குடும்பப் படங்களும் தொழிலும் ஒன்றோடொன்று கலப்பதும் நல்லதன்று. கூகிள் வரைபடத்தில் நிலையத்தைக் குறித்து வைப்பது ஒரு மாலை நேர வேலைதான். வழி கேட்டு வரும் அழைப்புகள் அதனால் வெகுவாகக் குறையும்.

சாதாரணக் கைத்தொலைபேசியால் நல்ல காணொளி எடுக்க முடியுமா?

தாராளமாக. தொலைபேசியை நெடுக்காகப் பிடியுங்கள், வில்லையை எடுக்கும் முன் துடையுங்கள் (குளிப்பாட்டும் இடத்தில் அது எப்போதும் ஈரமாகவே இருக்கும்), வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து நாயின் மேல் விழட்டும். கறுப்பு நாயை வெளிர்ச் சுவருக்கு முன்னாலும் வெள்ளை நாயைக் கடும் நிறச் சுவருக்கு முன்னாலும் நிறுத்துங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலில் உங்கள் குரல் கேட்காது; பார்ப்பவர்களில் பலரும் பஸ்ஸிலோ வேலைத்தலத்திலோ ஒலியை அடைத்துவிட்டே பார்க்கிறார்கள். எனவே சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள்.

ஒரு காணொளியில் ஒரு வேலையை மட்டும் காட்டுங்கள். கறுப்பு நகம் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்புச் சதை வெளியே தெரியும். அதைத் தொடாமல் வெட்டிவிடலாம். கறுப்பு நகத்தில் அது தெரியாது. அதனால்தான் வீட்டுக்காரர்கள் வெட்டப் பயப்படுகிறார்கள், நகமும் வளர்ந்து கொண்டே போகிறது. தொலைபேசியைப் பாதத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், நுனியிலிருந்து மெல்லிய துண்டாக ஒன்று, இன்னொன்று என்று வெட்டிக் காட்டுங்கள். முதலில் வெட்டு முகம் காய்ந்த சுண்ணாம்பு நிறத்தில் இருக்கும். பிறகு நடுவே ஒரு கரும்புள்ளி தோன்றும். அந்தப் புள்ளியைக் கண்டவுடன் கை நிற்க வேண்டும். ‘இதற்கு மேல் வெட்டினால் இரத்தம் வரும், நாய்க்கு நோகும், ஆகவே இங்கே நிறுத்துகிறோம்’ என்று திரையில் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம், பின்னணிப் பாட்டுக்கூட வேண்டாம். நகவெட்டியைப் பிடித்த கை தானாக நின்ற அந்த நொடியைப் பார்த்தவர், தன் நாயை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவெடுத்துவிடுவார்.

நாய் பயந்து உதறுவதையும் உறுமுவதையும் போட்டால் அதிகம் பேர் பார்க்கிறார்கள். போடலாமா?

போடக் கூடாது. கொட்டாவி விடுவது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, வாலை இடுக்குவது ஆகியவை நாய் துன்பப்படுகிறது என்பதற்கான அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு நாயைக் கவனியுங்கள். அதன் பயத்தை வேடிக்கையாக்கிப் பெறும் பார்வைகள் உங்களிடம் ஒரு வாடிக்கையாளரையும் கொண்டு வரமாட்டா. தன் நாயும் இப்படிப் பகிடிக்கு ஆளாகும் என்று நினைத்து வருபவரும் நின்றுவிடுவார். வாய்க்கவசம் போட்ட நாயைக் காட்ட நேர்ந்தால், அது தண்டனையன்று, இரு பக்கத்தினரின் பாதுகாப்புக்காகவே என்பதை எழுதிவிடுங்கள். கடிக்கும் நாயைக் கொண்டுவரலாமா என்ற கொப்பிக் கேள்விக்கும் அதுவே பதிலாகும்.

முன்–பின் படங்கள் போடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே பக்கமாக நிறுத்தி எடுங்கள். முன்னதை இருட்டிலும் பின்னதை வெயிலிலும் எடுத்தால் பார்ப்பவர் ஏமாற்று என்றே கொள்வார்.

அதைவிடப் பெரிய கவனம் சொல்லில் வேண்டும். சடை பிடித்து, தோல் சிவந்து ஒரு நாய் வந்தால் “இப்படியும் நாய் வளர்ப்பார்களா” என்று எழுத மனம் உந்தும். அந்த நாயைக் கொண்டுவந்தவர், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, முழங்கால் வலியோடு தனியே இருக்கும் அம்மாவாக இருக்கலாம். அவர் ஆட்டோ பிடித்து அதைக் கொண்டுவந்து சேர்த்ததே பெரிய காரியம். ‘காதுக்குப் பின்னாலும் கமக்கட்டிலும்தான் சடை முதலில் பிடிக்கும், கிழமைக்கு இரண்டு முறை அந்த இடங்களை மட்டும் சீவினாலே போதும்’ என்று எழுதினால் அவருக்கும் மானம் இருக்கும், வாசிப்பவருக்கும் பயன் இருக்கும்.

படம் போடுவதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நாயை ஒப்படைக்கும்போது எழுதும் சிறு படிவத்தில் ‘படம் போடலாம் / வேண்டாம்’ என்ற ஒரு வரி இருக்கட்டும். வன்னியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பல வீடுகளுக்கு அந்த நாய்தான் காவல். சில வீடுகளில் ஆட்கள் குறைவு. வீடு தேடிப்போய்ச் சேவை செய்பவர்கள் கேற், வீட்டு இலக்கம், சந்திப் பெயர் ஆகியவற்றோடு நாயைப் படம் எடுத்து, ‘வீட்டுக்காரர் கனடாவில், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால், ஆளில்லாத வீடு எது என்பதை ஊருக்கே அறிவித்ததாகிவிடும். நாயின் பெயரும் ஊரும் போதும். சிறு பிள்ளைகளின் முகம் படத்தில் விழுந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

உடல்நலம் பற்றி எவ்வளவு தூரம் எழுதலாம்?

கண்டதைச் சொல்லலாம், நோய்க்குப் பெயர் வைக்கவும் மருந்தின் அளவு சொல்லவும் கூடாது. ‘இந்த நாயின் காதில் கருஞ்சிவப்பு அழுக்கும் நாற்றமும் இருந்தன, மிருக வைத்தியரிடம் அனுப்பினோம்’ என்பது சரியான பதிவு. இன்ன குளிசையை இத்தனை கொடுங்கள் என்பது உங்கள் வேலையன்று.

ஆனால் தயங்காமல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய சில உண்டு. பயிருக்கு அடிக்கும் பூச்சிநாசினியைக் கலக்கி உண்ணிக்குப் பூசும் வழக்கம் விவசாயக் கிராமங்களில் இருக்கிறது. அது தோல் வழியாகவும் நக்குவதாலும் உடம்புக்குள் போய் நாயைக் கொல்லக்கூடும். மண்ணெண்ணெயும் தோலை எரித்துவிடும். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமலும் நசுக்காமலும் நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிடரியில் விடும் உண்ணி மருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களுக்குக் குளிப்பாட்டாமல் இருப்பது பொதுவான வழக்கம்; இதனால் உங்களுக்கு ஒரு வேலை தள்ளிப்போனாலும் இதைப் பதிவிடுங்கள்.

விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசி பற்றி ஆண்டு முழுவதும் பேசுங்கள். சுகாதாரத் திணைக்களம் நாய்களுக்கு அதை இலவசமாகப் போடுகிறது; உங்கள் பகுதிக்கு வரும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு முன்கூட்டியே பகிருங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்ற பதிவைப் பக்கத்தின் மேலேயே பொருத்தி வைத்தாலும் தகும்.

விலையை வெளிப்படையாகப் போடலாமா?

போடுங்கள். ‘விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ’ என்ற பதிலைப் போல மக்களை எரிச்சலூட்டுவது வேறில்லை. நாயின் பருமன், முடியின் நீளம், சடையின் அளவு ஆகியவற்றுக்கு ஏற்பக் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று ரூபாவில் எழுதி, எது சேர்ந்தது, எது தனிக் கட்டணம் என்பதையும் சொல்லிவிடுங்கள். காவல் நாய்க்கென்று உண்ணி, நகம், காது மட்டும் பார்க்கும் மலிவான சேவை ஒன்றைத் தனியாக வைத்து, அதை முதலில் எழுதுவது நம் ஊருக்குப் பொருந்தும்.

வெளிநாட்டு உறவுகளை எண்ணியும் பதிவிட வேண்டுமா?

நிச்சயமாக. அம்மா அப்பாவுக்குத் துணையாக நிற்கும் நாயின் மீது கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் பாசம் பெரிது; குட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் அவர்கள்தாம். நாயைக் குளிப்பாட்டப் பணம் அனுப்புபவரும் பல வீடுகளில் அவர்களே. குளித்து முடித்த நாயோடு அம்மா நிற்கும் படத்தை (அவர் சம்மதித்தால்) அவருடைய மகளின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி வையுங்கள். அதை அந்த மகள் தானாகவே பகிர்வார். உங்கள் பக்கத்துக்கு அதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கிளிநொச்சியில் மாலை 7 மணி என்றால் கோடையில் ரொறொன்ரோவில் காலை 9.30, சுவிஸில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணித்தியாலம் பின்னே போகும். ஊரில் வேலை முடிந்து தொலைபேசியை எடுக்கும் நேரமும் அதுவே என்பதால், மாலை 7 மணியை ஒட்டிய பதிவு இரு பக்கமும் சென்று சேரும்.

“மனிசருக்கே வழியில்லை, இதில நாய்க்குக் குளிப்பாட்டல்” என்று பின்னூட்டம் எழுதுகிறார்கள். என்ன செய்வது?

கோபப்படாமல் ஒரு முறை பதில் எழுதுங்கள். அப்படி எழுதுபவர்களில் சிலர் உண்மையிலேயே கஷ்டத்தை அனுபவித்தவர்கள். உண்ணியும் தெள்ளும் நாயோடு நிற்பதில்லை, பிள்ளைகள் படுக்கும் பாய்க்கும் வரும். தடுப்பூசி போட்ட, தோல் நலமாக உள்ள நாய் அந்த வீட்டு மனிதருக்கும் பாதுகாப்பு. வாசலில் வைரவருக்கு விளக்கேற்றி, அவர் வாகனம் நாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஊர் இது. நாயைப் பேணுவது நமக்குப் புதிதாக வந்த பழக்கமன்று. இவ்வளவையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு மேற்கொண்டு வாதிடாமல் விடுங்கள்.

எந்தத் தமிழில் எழுதுவது?

காணொளியில் ஊர்ப் பேச்சில் பேசுங்கள். விலை, நேரம், உடல்நல அறிவுரை ஆகியவற்றைத் தெளிவான எழுத்துத் தமிழில் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வேண்டாம். வயதானவர்களால் அதை வாசிக்க முடிவதில்லை. வவுனியாவிலும் மன்னாரிலும் இருப்பவர்கள் விலைப்பட்டியலைச் சிங்களத்திலும் ஒரு முறை எழுதி வைத்தால் பயன் உண்டு.

கட்டண விளம்பரம் செய்யலாமா?

எல்லாப் பதிவுக்கும் காசு கட்ட வேண்டாம். தானாகவே கேள்விகளும் அழைப்புகளும் வந்த பதிவு எதுவோ அதற்கு மட்டும், உங்கள் நிலையத்தைச் சுற்றி நாயை ஏற்றிக்கொண்டு வரக்கூடிய தூரத்துக்குள் காட்டும்படி வட்டம் குறித்துச் செலவழியுங்கள். வட்டத்தைப் போடாமல் விட்டால் உங்கள் காசு கொழும்பில் கரைந்துவிடும்.

வேலையின்போது ஒரு நாய்க்குக் காயம் ஏற்பட்டு, வீட்டுக்காரர் உங்கள் முகநூல் பக்கத்தில் குறை எழுதினால்?

அழிக்காதீர்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எல்லோரும் காண எழுதிவிட்டு, மீதியைத் தொலைபேசியில் பேசுங்கள். வைத்தியச் செலவை ஏற்பதானால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.

திட்டம் பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது?

விருப்பக் குறிகளை எண்ணாதீர்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் “எங்களை எங்கே கண்டீர்கள்?” என்று கேட்டு, கேள்விக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மாத முடிவில் அதைப் பார்த்தால், எந்தப் பதிவு ஆளைக் கொண்டுவந்தது என்று தெரியும். அந்த வகையைக் கூட்டுங்கள். ஒருவரையும் கொண்டுவராத வகை உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் குறையுங்கள்.

ஒரு கிழமைத் திட்டம் நடைமுறையில் எப்படி இருக்கும்?

ஐப்பசியில் மழை தொடங்கிய ஒரு கிழமையை வைத்துப் பார்ப்போம். ஞாயிறு மாலை கொப்பியைத் திறந்து இரண்டு கேள்விகளைத் தெரிவு செய்கிறீர்கள்: மழைக்குள் குளிப்பாட்டலாமா, காது ஏன் மணக்கிறது. திங்களும் செவ்வாயும் வரும் நாய்களில் தொங்கு காது உள்ளதொன்றின் வீட்டுக்காரரிடம் கேட்டு, பஞ்சில் மருந்துநீர் தொட்டுக் காது மடலின் உட்புறத்தைத் துடைப்பதைப் படம் பிடிக்கிறீர்கள். துவாரத்துக்குள் எதையும் நுழைக்கக் கூடாது என்பதைத் திரையில் எழுதுகிறீர்கள். அது புதன் மாலை முகநூலுக்கும் வட்ஸ்அப் நிலைக்கும் போகிறது. அடிமுடி ஈரத்தைக் காட்டும் காணொளி சனி மாலைக்கு. இடையில் பலத்த மழையால் நிலையம் பூட்டினால் காலை 7 மணிக்கு முன் அறிவித்துவிடுகிறீர்கள், ஏனெனில் முத்தையன்கட்டிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ நாயையும் கொண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுபவர் அதற்குள் அறிந்திருக்க வேண்டும்.